முடி வளர ஜூஸ் குடிப்பதா, பழமாகச் சாப்பிடுவதா, தலையில் தேய்ப்பதா?

டெங்கு வந்து எழுந்த சமயம். அம்மா தினமும் காலையில் ஒரு டம்ளர் மாதுளை ஜூஸ் போட்டுக் கொடுத்தார். காய்ச்சல் விட்டு இரண்டரை மாதம் இருக்கும், முடி கொத்துக்கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. தலைக்குக் குளித்தால் தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொள்ளும். மூன்று சுற்றில் நின்ற ரப்பர் பேண்டு ஐந்து சுற்று கேட்டது. அம்மா பயந்துபோய் மாதுளையோடு பீட்ரூட், கேரட், நெல்லிக்காய் எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் அடித்தார். அடுத்த ஐந்தாறு மாதத்தில் கொட்டுவது நின்றது. நெற்றி ஓரத்தில் குட்டை குட்டையாகப் புது முடி எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லோரும் ஜூஸுக்குத்தான் நன்றி சொன்னார்கள். நானும் அப்படியே நம்பி மூன்று தோழிகளுக்குச் சொன்னேன்.

அதில் ஒருத்தி ஒரு வருடம் விடாமல் குடித்தாள். முடி கொட்டுவது நிற்கவே இல்லை. அப்புறம் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் தைராய்டு என்று தெரிந்தது. நான் சொன்னதைக் கேட்டு அவள் இழந்த அந்த ஒரு வருடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முடி கொட்டுகிறது, நெல்லிக்காய் ஜூஸ் குடிக்கட்டுமா, வெங்காயச் சாறு தேய்க்கட்டுமா, பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கட்டுமா என்று யாராவது கேட்டால் இப்போது சட்டென்று பதில் சொல்ல மாட்டேன். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

## முதலில் முடியின் கணக்கு

தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், சில வாரம் நின்றுபோகும், பிறகு மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். அதே காலிலிருந்து புது முடி கிளம்பும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதில்லை என்பதால்தான் தலை எப்போதும் நிறைந்திருக்கிறது. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வளர்ச்சி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், திடீரென்று பத்துக் கிலோ எடை குறைவது, இப்படி உடம்பு ஒரு பெரிய அடி வாங்கும்போது வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும்பகுதி ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடும். உதிர்வதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சலை நாம் மறந்திருப்போம். போர் தண்ணீரையோ ஷாம்புவையோ குறை சொல்வோம். இந்த வகை உதிர்வு பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும்.

என் கதையில் நடந்தது இதுதான். முடி கொட்ட ஆரம்பித்தபோது ஏற்கெனவே இரண்டு மாதமாக ஜூஸ் குடித்துக்கொண்டுதான் இருந்தேன், அது தடுக்கவில்லை. முடி திரும்பி வந்த நேரத்தில் ஜூஸ் கையில் இருந்தது, அவ்வளவுதான். இந்தக் கணக்கு தெரிந்தால், "நான் குடித்தேன், எனக்கு வளர்ந்தது" என்று மனமாரச் சொல்கிறவர்கள் ஏன் இத்தனை பேர் என்பது புரிந்துவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. எதைக் குடித்திருந்தாலும் வந்திருக்க வேண்டிய முடி அது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முடி எதனால் ஆனதோ அது இந்த வழியில் கிடைக்கிறதா? முடி கெரட்டின் என்ற புரதம். மயிர்க்காலின் அடியில் இருக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் சேர்ந்தவை. அவற்றுக்குப் புரதமும் இரும்பும் துத்தநாகமும் தொடர்ந்து வேண்டும், போதுமான கலோரியும் வேண்டும்.

என் முடி கொட்டுவதற்கான காரணத்தோடு இது பொருந்துகிறதா? இதுதான் ஐந்திலும் பெரியது.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? பணம் மட்டும் இல்லை. சர்க்கரை, கைவிட்டுப்போகும் ஒரு வேளைச் சாப்பாடு, வீணாகும் மாதங்கள் எல்லாம் செலவுதான்.

கெடுதல் உண்டா? பலன் தெரிய எத்தனை நாள் ஆகும்? கடைசிக் கேள்விக்கு மட்டும் பொதுவாகவே ஒரு பதில் சொல்லிவிடலாம். தலை முழுக்க முடி மெலிவதற்கு எந்த வழியாக இருந்தாலும் மூன்று நான்கு மாதத்துக்கு முன்னால் தெரியாது. மயிர்க்கால் ஓய்விலிருந்து எழுந்து, முடி தோலுக்கு வெளியே வந்து, கண்ணில் படும் நீளம் வளர அவ்வளவு நாள் வேண்டும். 15 நாளில் அடர்த்தி என்று சொல்கிறவர்களை அங்கேயே விட்டுவிடுங்கள்.

## ஜூஸாகக் குடிப்பது

நம் வீடுகளில் முடிக்காகக் குடிக்கப்படுபவை பெரும்பாலும் மூன்று வகை: நெல்லிக்காய் ஜூஸ், மாதுளை ஜூஸ், ஆப்பிளும் பீட்ரூட்டும் கேரட்டும் சேர்த்த ஏபிசி ஜூஸ். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

மாதுளைக்கும் பீட்ரூட்டுக்கும் நிறம்தான் பேர் வாங்கிக் கொடுத்தது. சிவப்பாக இருக்கிறது, ரத்தம் ஊறும், ரத்தம் ஊறினால் முடி வளரும். இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியில் உண்மை இருக்கிறது; இரும்புச்சத்து குறைந்தால் முடி கொட்டுவது உண்டு. முதல் கண்ணிதான் அறுந்தது. மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனின், பீட்ரூட்டின் சிவப்பு பீட்டலைன். இரண்டும் தாவர நிறமிகள், இரும்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. 100 கிராம் மாதுளை முத்தில் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம். பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நம் நாட்டுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் பரிந்துரைத்தன. அதை மாதுளையிலிருந்தே எடுப்பதாக இருந்தால் தினமும் 9 கிலோவுக்கு மேல் முத்து உதிர்க்க வேண்டும்.

நெல்லிக்காயின் கதை வேறு. பெருநெல்லி வைட்டமின் சி நிறைந்தது. ஒரே ஒரு காயில் ஒரு நாளைத் தேவை கிடைத்துவிடும். வைட்டமின் சி-க்கும் முடிக்கும் உண்மையான தொடர்பு உண்டு. அது அடியோடு இல்லாமல் போகும் ஸ்கர்வி நோயில் முடி திருகுத் திருகாகச் சுருண்டு வளரும். ஆனால் அது அன்றாடம் ரசமும் எலுமிச்சையும் தக்காளியும் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் நோய் இல்லை. தேவைக்கு மேல் குடிக்கும் வைட்டமின் சி சிறுநீரில் போகும், முடியாக மாறாது. முடி மெலிந்த பெண்களுக்கு நெல்லிச் சிரப் கொடுத்து ஈரானில் ஒரு சிறிய ஆய்வு நடந்திருக்கிறது, ஓரளவு பலன் தெரிந்ததாக முடிவும் வந்தது. அது மருந்துபோல் அளந்து, நாளுக்கு மூன்று வேளை, சில மாதம் கொடுத்தது. அதை வைத்து நாம் மிக்ஸியில் அடித்து வடிகட்டும் ஜூஸுக்கும் அதே பலன் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் குடிப்பேன் என்று ஒருவர் உறுதியாக இருந்தால், சர்க்கரை போடாத நெல்லிச் சாற்றையே கைகாட்டுவேன்.

கேரட் ஜூஸ் பற்றி ஒரு பயமும் ஒரு நம்பிக்கையும் சேர்ந்தே உலவுகின்றன. வைட்டமின் ஏ மிகுந்தால் முடி கொட்டும் என்பது மெய்தான், ஆனால் அது மாத்திரையாகவோ மீன் ஈரல் எண்ணெயாகவோ அளவு மீறி எடுக்கும்போது. கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு தேவைக்கு ஏற்ப அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். அதிகம் குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவே.

இனி செலவு. எங்கள் தெருக்கடையில் மாதுளை ஜூஸ் 80 ரூபாய். தினமும் குடித்தால் மாதம் 2,400. அதே பணத்தில் பெரும்பகுதியை மிச்சம் வைத்து, 7 ரூபாய் முட்டை தினமும் இரண்டு சாப்பிட்டால் 420 ரூபாய்தான் ஆகும். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். ஒரு டம்ளர் பழ ஜூஸில் ஒரு கிராம், ஒன்றரைக் கிராம் இருக்கும். முடி புரதம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு வரியைத் திரும்பப் படியுங்கள்.

சர்க்கரையும் செலவுதான். ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் பிழிகிறோம். சக்கை போய்விடும், இனிப்பு மட்டும் மிஞ்சும். கடைக்காரர் மேலே இரண்டு கரண்டிச் சர்க்கரை போடுவார். உலக சுகாதார நிறுவனம் 2015இல் கொடுத்த வழிகாட்டலில், ஜூஸில் இருக்கும் பழச் சர்க்கரையையும் நாம் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரையோடுதான் சேர்த்துக் கணக்கிட்டது. நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. ஒரே டம்ளரில் அந்த எல்லை தாண்டிவிடலாம். பாக்கெட் ஜூஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அடர்த்திச் சாற்றில் தண்ணீர் கலந்து செய்பவற்றில் '100 சதவீதம் பழச்சாறு' என்று போடக் கூடாது என்று 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது.

இதைப் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கும் பெண்களுக்காகவே தனியாக எழுதுகிறேன். பிசிஓடியில் முடி மெலிவதற்குக் காரணம் ஆண் ஹார்மோன் கூடுவது. ரத்தத்தில் இன்சுலின் கூடினால் சினைப்பை அந்த ஹார்மோனை இன்னும் அதிகம் சுரக்கும். காலையில் வெறும் வயிற்றில் இனிப்பு ஜூஸ் குடிப்பது இன்சுலினைச் சட்டென்று ஏற்றும் வழி. முடிக்காக என்று குடித்து, முடியைக் கெடுக்கும் பக்கத்துக்கே பலம் சேர்க்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. முடிக்கு ஜூஸ் குடிக்கும் கல்லூரிப் பெண்கள் பலர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுத்தான் குடிக்கிறார்கள். இரண்டு இட்லியும் சாம்பாரும் போய் ஒரு டம்ளர் ஏபிசி வந்து உட்கார்கிறது. எடையும் குறையும், முடியும் வளரும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கலோரியும் புரதமும் திடீரென்று குறைந்தால் உடம்பு முதலில் கைவிடுவது முடியைத்தான், ஏனென்றால் உயிர் வாழ முடி தேவையில்லை. மூன்று மாதம் கழித்துக் கொட்டும்போது, ஜூஸ் போதவில்லையோ என்று இன்னொரு டம்ளர் சேர்க்கிறார்கள். ஜூஸ் மட்டுமே குடித்து இரண்டு வாரம் இருக்கும் பழக்கத்துக்குப் பிறகு முடி கொட்டுவது தோல் மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

அப்படியானால் ஜூஸ் யாருக்கு ஏற்றது? காய்ச்சலில் வாய் கசந்து எதுவும் இறங்காதவர்களுக்கு, மெல்ல முடியாத முதியவர்களுக்கு, பழத்தைத் தொடவே தொடாதவர்களுக்கு. அப்போதும் சாப்பாட்டோடு, சர்க்கரை இல்லாமல், சின்ன டம்ளர். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட், பசலை ஜூஸைத் தவிர்ப்பது நல்லது, கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அவற்றில் அதிகம்.

## பழமாக, சாப்பாட்டோடு

இதுவே என் தேர்வு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிக்கு மேல். ஆகவே நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு முடி கொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்பு. நம் சாப்பாட்டில் இரும்பு இல்லாமல் இல்லை. முருங்கைக்கீரை 100 கிராமில் 4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கம்பு, கொண்டைக்கடலை, காராமணி, எள் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் தாவரத்தில் இருக்கும் இரும்பைக் குடல் முழுதாக எடுத்துக்கொள்ளாது. கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். டீயும் காபியும் அந்தக் கொஞ்சத்தையும் தடுக்கும். வைட்டமின் சி கூட இருந்தால் உறிஞ்சப்படும் அளவு கணிசமாகக் கூடும்.

நெல்லிக்காய்க்கும் கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் முடியோடு இருக்கும் நல்ல தொடர்பு இங்கேதான். அவை முடியை வளர்ப்பதில்லை. கீரையில் இருக்கும் இரும்பை உள்ளே அழைத்துப் போகின்றன. அதற்கு இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் நெல்லி ஜூஸ், மதியம் ஒரு மணிக்கு முருங்கைக்கீரைப் பொரியல், சாப்பிட்ட கையோடு ஒரு காபி என்றால் இரண்டும் சந்திப்பதே இல்லை. நெல்லிக்காயை மதியச் சாப்பாட்டுக்கு நகர்த்துங்கள். துவையலாக அரைக்கலாம், தயிர்ப்பச்சடியில் துருவிப் போடலாம், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அப்படியே கடிக்கலாம். காபியை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இந்த மாற்றத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை.

நெல்லி கிடைக்காத மாதங்களில் கொய்யா இருக்கிறது. 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி, ஆரஞ்சைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. வண்டியில் வைத்து விற்கும் பழத்துக்கு விளம்பரம் இல்லாததால் யாரும் முடியோடு சேர்த்துப் பேசுவதில்லை. சுண்டல் மேல் எலுமிச்சை பிழிவதும் இதே வேலையைச் செய்கிறது.

புரதத்துக்கு முட்டை, மீன், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை. எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பரிந்துரை. 55 கிலோ இருக்கும் பெண்ணுக்கு 46 கிராம் அளவு. மூன்று வேளையும் சோறு அதிகம், குழம்பு கொஞ்சம் என்று சாப்பிட்டால் இது எட்டாது.

குறை என்னவென்றால் இது மெதுவானது, பார்க்க எடுப்பாகவும் இருக்காது. ரத்தசோகை கடுமையாக இருந்தால் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது, மாத்திரை வேண்டும். ஆண்களுக்கு நெற்றி ஏறுவதையும் உச்சி சொட்டையாவதையும் இது நிறுத்தாது.

## தலையில் தேய்ப்பது

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரில்லாதது. அதன் மேல் எந்தச் சத்தைத் தடவினாலும் பளபளப்புக் கூடலாம், சிக்குக் குறையலாம், வளராது. வளர வேண்டுமானால் தோலுக்குள் இறங்கி மயிர்க்காலில் வேலை செய்ய வேண்டும். பழச்சாறுகளுக்கு அந்த ஆற்றல் இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. எலுமிச்சைச் சாற்றைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்பது தோலைப் புண்ணாக்கிக் கறுக்க வைக்கும். பொடுகுக்கு என்று தடவுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெங்காயச் சாற்றை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். காசு அளவுக்கு வட்டமாக முடி போய் வழவழப்பாகும் புழுவெட்டுக்கு, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது நம் ஊர்ப் பாட்டிகள் கைவைத்தியம். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாளுக்கு இரண்டு வேளை வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்கு மட்டும். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது.

ஆனால் அது புழுவெட்டுக்கு. புழுவெட்டு என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. புழு எதுவும் இல்லை. சிலருக்குத் தானாகவே சரியாகிவிடவும் செய்யும். தலை முழுக்க முடி மெலிவதற்கும், வகிடு அகலமாவதற்கும் இந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை. அதைக் காட்டித்தான் வெங்காய எண்ணெய், வெங்காய ஷாம்பு எல்லாம் விற்கிறார்கள். புழுவெட்டுக்கே கூட வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால், புருவத்திலும் தாடியிலும் பரவினால், வெங்காயத்தோடு காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். எரிச்சலும் கொப்புளமும் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

## பயோட்டின் மாத்திரை

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பயோட்டின் குறைந்தால் முடி கொட்டும், ஆனால் சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவது அரிது. ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் அளவு. கடையில் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை விற்கிறது. அதனால் வரும் பெரிய சிக்கல் பரிசோதனைக் கூடத்தில் தெரியும். அதிக பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது. முடி கொட்டுகிறதே என்று தைராய்டு பார்க்கப் போகிறவர், முடிக்காகச் சாப்பிடும் மாத்திரையாலேயே தப்பான முடிவு வாங்கி வரலாம். சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

## பரிசோதனை, டாக்டர், மினாக்சிடில்

ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின், தைராய்டு. முடி கொட்டுகிறவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக முதலில் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள் இவைதான். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் சேமித்து வைத்த இரும்பு குறைந்திருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெர்ரிட்டின். காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது ஃபெர்ரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் உடம்பு தேறிய பிறகு பாருங்கள். இரும்பு மாத்திரையைச் சும்மா வாங்கிச் சாப்பிட வேண்டாம். தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறிலும் ரத்தம் குறைவாகத் தெரியும். அவர்களுக்குக் கூடுதல் இரும்பு கெடுதல்.

பரம்பரையாக வரும் வழுக்கைக்கும், பெண்களுக்கு வகிடு அகலமாவதற்கும் ஆதாரம் வலுவாக உள்ளது மினாக்சிடில். முதலில் ரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதன் மறைந்த செலவுகள் இரண்டு. ஆரம்பத்தில் சில வாரம் முன்பைவிட அதிகமாக முடி கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருவதால். பலர் பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம், நிறுத்தினால் சில மாதத்தில் வந்த முடியும் போய்விடும். ஆகவே தொடர்ந்து தடவ முடியுமா என்று யோசித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் தொடவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | முடிக்கு வேண்டியது கிடைக்கிறதா | மறைந்த செலவு | எப்போது இதை எடுக்கலாம் |
|---|---|---|---|
| ஜூஸ் குடிப்பது | வைட்டமின் சி உண்டு. புரதம், இரும்பு மிகக் குறைவு | சர்க்கரை, விட்டுப்போகும் காலைச் சாப்பாடு | வாய்க்கு எதுவும் பிடிக்காத காய்ச்சல் நாட்கள், மெல்ல முடியாத வயது |
| பழம், கீரை, பருப்பு, முட்டை | எல்லாமே உண்டு | பொறுமை | எல்லோருக்கும்; வேறு எந்த வழி எடுத்தாலும் இதுவும் வேண்டும் |
| வெங்காயச் சாறு தடவுவது | சத்துக்காக அல்ல | எரிச்சல், கொப்புளம் | சின்னப் புழுவெட்டு |
| பயோட்டின் மாத்திரை | ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதுதான் | தப்பான பரிசோதனை முடிவு | குறைபாடு என்று டாக்டர் சொன்னால் மட்டும் |
| பரிசோதனையும் மருந்தும் | காரணத்துக்கே வைத்தியம் | மினாக்சிடிலை நிறுத்த முடியாது | ஆறு மாதம் தாண்டியும் நிற்காத உதிர்வு, வகிடு அகலமாவது, நெற்றி ஏறுவது |

## உங்கள் நிலைமை எது

மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலோ ஆபரேஷனோ இருந்து இப்போது கொட்டுகிறதா? நன்றாகச் சாப்பிட்டுக் காத்திருங்கள். ஜூஸ் பிடிக்கும் என்றால் சாப்பாட்டோடு குடியுங்கள், ஆனால் முடி வந்த பிறகு அதற்கு நன்றி சொல்லி என்னைப் போல் தோழிகளை அனுப்ப வேண்டாம்.

20 வயதில் நெற்றி ஏறும் பையனா? அப்பாவுக்கும் மாமாவுக்கும் அப்படியே என்றால் பழத்தில் விடை இல்லை. அங்கே வேலை செய்வது டிஎச்டி என்ற ஹார்மோன், மயிர்க்கால் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போகும். சீக்கிரம் ஆரம்பித்தால்தான் இருப்பதைக் காப்பாற்ற முடியும். ஆறு மாதம் ஜூஸில் கழித்தால் இழப்பது அந்த ஆறு மாத முடி.

இறுக்கிப் பின்னுவதால் நெற்றி ஓரத்தில் மட்டும் போகிறதா? பின்னலைத் தளர்த்துங்கள், வேறு செலவே இல்லை. நீண்ட நாள் விட்டால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காது.

மாதவிலக்கு அதிகமாகப் போகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதோடு முடியும் கொட்டுகிறது என்றால் இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மாதுளையை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

பிரசவமாகி மூன்று நான்கு மாதம் ஆன தாய்மார்கள்தான் இதில் அதிகம் பயந்துபோகிறவர்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் பிடித்து வைத்திருந்த முடியெல்லாம் சேர்ந்து ஒன்றாக இறங்கும், குழந்தையின் கைப்பிடியில்கூட முடி சுற்றிக் கிடக்கும். பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரும்போது பழைய நிலைக்கு வந்துவிடும். பத்தியம் என்று கீரையையும் பழத்தையும் நிறுத்திவைத்திருக்கும் வீடாக இருந்தால், பெரியவர்களிடம் ஜூஸுக்காக வாதாட வேண்டாம். மதியச் சோற்றில் பருப்பு, ஒரு கரண்டி முருங்கைக்கீரை, மேலே பாதி எலுமிச்சை. இந்த மூன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிரசவத்துக்குப் பின் கொடுத்த இரும்பு மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள்.